போர்ன்வில்: சாக்லேட் உறையில் பெயர் உள்ள ஊர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மிங்ஹாமுக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிற நம்மவர்கள் ரயிலில் போகும்போது ஊதா நிறத்தில் ஒரு நிலையம் வருவதைப் பார்த்துவிட்டு, இது என்ன ஊர் என்று கேட்பார்கள். பதில் சொன்னால் அதிலிருந்து இன்னும் பத்துக் கேள்வி கிளம்பும். அவற்றைத் தொகுத்து, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

போர்ன்வில் என்றால் சாக்லேட்தானே? அப்படி ஓர் ஊரும் இருக்கிறதா?

ஊர்தான் முதலில் வந்தது. கேட்பரி சகோதரர்கள் இங்கே தொழிற்சாலை திறந்தது 1879இல். போர்ன்வில் என்ற பெயரில் கசப்புச் சாக்லேட் வந்தது 1908இல். வாங்கிய நிலத்தின் ஊடாக போர்ன் என்று ஒரு சிற்றோடை ஓடியது. அந்தக் காலத்தில் உயர்ந்த சாக்லேட் என்றால் பிரான்ஸிலிருந்து வர வேண்டும் என்ற எண்ணம் இருந்ததால், ஓடையின் பெயரோடு ஒரு பிரெஞ்சு வாலை ஒட்டிவிட்டார்கள். ஊருக்குப் பெயர் வைக்கும்போதே வியாபார மூளை வேலை செய்திருக்கிறது.

எங்கே இருக்கிறது? கிராமமா, புறநகரா?

பர்மிங்ஹாம் நகர மையத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய நான்கு மைல். ஆட்சிமுறைப்படி பர்மிங்ஹாம் மாநகரத்தின் ஒரு பகுதி. 1911இல்தான் நகர எல்லைக்குள் வந்தது. அதுவரை வூஸ்டர்ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆனால் உள்ளூர்க்காரர்கள் இன்றும் கிராமம் என்றுதான் சொல்கிறார்கள். நடுவில் புல்வெளித் திடல், அதைச் சுற்றிக் கடைகள், பள்ளிக்கூடம், வழிபாட்டு இடங்கள் என்று அமைப்பும் கிராமத்துக்குரியதுதான். இங்கிலாந்தின் பழைய கிராமங்கள் பல நூற்றாண்டுகளில் தானாக வளர்ந்தவை. இது ஒரு மனிதர் யோசித்து, வரைபடம் போட்டு உண்டாக்கியது. வயது நூற்று முப்பதுக்குச் சற்று மேல்.

நகரத்தில் நடந்துகொண்டிருந்த தொழிற்சாலையை ஏன் வயல்வெளிக்குக் கொண்டுபோனார்கள்?

ஜான் கேட்பரி 1824இல் பர்மிங்ஹாமின் புல் தெருவில் மளிகைக் கடை திறந்தார். தேயிலை, காப்பி, குடிக்கும் சாக்லேட் விற்றார். 1861இல் மகன்கள் ரிச்சர்டும் ஜார்ஜும் பொறுப்பேற்றபோது வியாபாரம் நொடித்துப்போகும் நிலையில் இருந்தது. அந்நாளைய கோக்கோத் தூளில் கொழுப்பை மறைக்க மாவு கலப்பது வழக்கம். டச்சுக்காரர்களின் இயந்திரத்தை வாங்கி, கொழுப்பைப் பிழிந்தெடுத்துவிட்டு, கலப்படமில்லாத கோக்கோ என்று 1866இல் விற்கத் தொடங்கினார்கள். அது பிடித்துக்கொண்டது. பத்தாண்டுக்குள் பிரிட்ஜ் தெருத் தொழிற்சாலையில் இடம் போதவில்லை.

நகருக்குள்ளேயே பெரிய கட்டடம் தேடாமல், பதினான்கரை ஏக்கர் புல்வெளியை 1878இல் வாங்கினார்கள். நல்லெண்ணம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நிலத்தை ஒட்டியே வூஸ்டர் - பர்மிங்ஹாம் கால்வாய் போகிறது. 1876இல் பக்கத்தில் ரயில் பாதையும் வந்துவிட்டது. கோக்கோவும் சர்க்கரையும் பாலும் வந்திறங்க இதைவிட வசதியான இடம் கிடைத்திருக்காது. உணவுப்பொருள் செய்யும் இடத்துக்கு நகரத்துப் புகையும் ஆகாது. லாபமும் மனச்சாட்சியும் ஒரே திசையைக் காட்டிய அபூர்வமான சந்தர்ப்பம் அது.

கேட்பரி குடும்பம் குவேக்கர்கள் என்கிறார்களே, அதற்கும் சாக்லேட்டுக்கும் என்ன சம்பந்தம்?

குவேக்கர்கள் கிறிஸ்தவத்துக்குள் ஒரு சிறு பிரிவினர். பாதிரியார் கிடையாது, வழிபாடு பெரும்பாலும் மௌனத்தில் நடக்கும். போருக்குப் போக மாட்டார்கள், சத்தியப்பிரமாணம் செய்ய மாட்டார்கள். ஆங்கிலத் திருச்சபையைச் சேராதவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கதவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெகுகாலம் சரியாகத் திறக்கவில்லை. படிப்பு வழி அடைபட்டிருந்ததால் வியாபாரத்தில் இறங்கினார்கள். மதுவை வெறுத்தவர்களுக்கு, அதற்கு மாற்றாகக் குடிக்க ஒரு சூடான பானம் கொடுப்பது தொழிலாகவும் ஊழியமாகவும் தோன்றியது. பிரிஸ்டலில் ஃப்ரை, யார்க்கில் ரவுன்ட்ரீ, பர்மிங்ஹாமில் கேட்பரி என மூன்று பெரிய பிரிட்டிஷ் சாக்லேட் குடும்பங்களும் குவேக்கர்கள்தான்.

அப்படியானால் இது கம்பெனி குவார்ட்டர்ஸா?

இல்லை. பெரும்பாலோர் தவறாக நினைப்பது இதைத்தான். தொழிற்சாலை வந்தபோது முக்கியப் பணியாளர்களுக்கென்று பதினாறு வீடுகள் கட்டினார்கள்; அவை மட்டும்தான் கம்பெனிக் குடியிருப்பு. கிராமம் வேறு கதை.

ஜார்ஜ் கேட்பரி இளம் வயதிலிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் பர்மிங்ஹாமில் செவர்ன் தெருவில் வயதுவந்தோர் பள்ளியில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு அந்தப் பணியை விடவில்லை. மாணவர்களின் வீடுகளுக்குப் போனபோதுதான் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய, பின்வாசல் இல்லாத, ஒரே முற்றத்தில் பல குடும்பங்கள் கழிப்பறையைப் பகிர்ந்துகொண்ட வீடுகளைப் பார்த்தார். குடிக்காதே என்று புத்தி சொல்லிப் பயனில்லை, அந்த வீட்டில் இருப்பவன் சாராயக் கடையைத் தவிர வேறெங்கே போவான் என்ற முடிவுக்கு வந்தார்.

1893இல் தொழிற்சாலையை ஒட்டி 120 ஏக்கரைத் தன் சொந்தப் பணத்தில் வாங்கினார். 1895இல் கட்டுமானம் தொடங்கியது. முதலில் கட்டிய 143 வீடுகளை அடக்க விலையையொட்டி 999 ஆண்டுக் குத்தகைக்கு விற்றார். அப்போதுதான் சிக்கல் வந்தது. வாங்கியவர்களில் சிலர் கைமேல் லாபம் வைத்து வேறு ஆட்களுக்கு விற்றார்கள். ஏழைத் தொழிலாளிக்கென்று கட்டிய வீடு மனை வியாபாரமாக மாறுவதைப் பார்த்த ஜார்ஜ், 1900 டிசம்பரில் மொத்தத்தையும், அதாவது 330 ஏக்கர் நிலத்தையும் 313 வீடுகளையும், போர்ன்வில் கிராம அறக்கட்டளை என்ற பெயரில் எழுதிவைத்துவிட்டார். கோயிலுக்கு நிலம் எழுதிவைப்பது போலத்தான்: கொடுத்தவரோ வாரிசோ அதிலிருந்து ஒரு பென்னி எடுக்க முடியாது. வாடகையில் மிஞ்சுவது மேலும் வீடு கட்டவும் கிராமத்தைப் பராமரிக்கவும் மட்டும்.

தொடக்கத்தில் அறங்காவலர்களாக உட்கார்ந்தவர்கள் குடும்பத்தார்தான் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் சொத்து கம்பெனியோடு சேரவில்லை. குடியிருந்தவர்களிலும் பாதிக்கும் குறைவானவர்களே கேட்பரியில் வேலை பார்த்தார்கள். இந்த ஊர் இன்றும் ஊராக இருப்பதற்கு அழகான வீடுகளையோ மரங்களையோ காரணமாகச் சொல்வார்கள். 1900இல் போட்ட அந்தக் கையெழுத்துதான் காரணம் என்பது என் எண்ணம்.

வீடுகளில் என்ன விசேஷம்?

கட்டடக் கலைஞர் வில்லியம் அலெக்சாண்டர் ஹார்வி. 1874இல் பிறந்தவர், வேலையை ஒப்படைத்தபோது வயது இருபதைச் சற்றுத் தாண்டியிருந்தது. அந்த வயதுக்காரரிடம் ஒரு கிராமத்தையே கொடுத்த தைரியம் வீண்போகவில்லை. வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகள் இங்கே இல்லை. இரட்டை வீடுகளாகவும் நான்கு வீட்டுத் தொகுதிகளாகவும், ஒவ்வொன்றுக்கும் முகப்பை மாற்றி மாற்றிக் கட்டினார். செங்கல் ஒன்றுதான், ஆனால் ஜன்னல், கூரைச் சரிவு, வாசல் வளைவு ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது.

விதி இப்படி: மனையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கட்டடம் இருக்கக் கூடாது. சாலைகள் அகலமாக, இருபுறமும் மரங்களோடு இருக்க வேண்டும். மொத்த நிலத்தில் பத்தில் ஒரு பங்கு பூங்காவுக்கும் விளையாட்டுக்கும். குடிவருவதற்கு முன்பே தோட்டத்தைக் கொத்திப் பண்படுத்தி, கோடியில் ஆப்பிள், பேரி போன்ற பழமரங்கள் நட்டுக் கொடுத்தார்கள். வேலை முடிந்து வருகிற ஆண் மண்வெட்டியைப் பிடித்தால் மதுக்கோப்பையைப் பிடிக்க மாட்டான் என்பது ஜார்ஜின் கணக்கு. காய்கறி விளைச்சல் வாடகையில் ஒரு பகுதியை ஈடுகட்டும் என்ற கணக்கும் அதில் உண்டு.

குளியல் தொட்டி தொழிலாளர் வீடுகளில் கேள்விப்படாத காலம் அது. சின்ன வீடுகளில் தனி குளியலறைக்கு இடமில்லாததால், சமையலறைத் தரைக்கடியில் தொட்டியைப் பதித்து மேலே மூடி போட்டார் ஹார்வி. சில வீடுகளில் தொட்டியை நிமிர்த்தி அலமாரிக்குள் தள்ளிவிடலாம். குளிக்கும்போது மட்டும் வெளியே வரும்.

குழந்தைகள் இறப்பு விகிதம் பர்மிங்ஹாம் நகரத்தோடு ஒப்பிட்டால் இங்கே வெகுவாகக் குறைந்தது. அதே சமயம், சேரியிலிருந்து நேராக இங்கே வந்தவர்கள் அதிகமில்லை. மிக ஏழையால் இந்த வாடகையைக் கொடுக்க முடியவில்லை. தேர்ந்த தொழிலாளிகளும் எழுத்தர்களும்தான் பெரும்பாலும் குடிவந்தார்கள். ஒப்பிடும்போது இதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணவனும் மனைவியும் தனித்தனிக் கட்டிலில் படுக்க வேண்டும் என்று விதி இருந்ததாமே?

விதி அல்ல, அறிவுரை. ஜார்ஜ் கேட்பரி ஆரோக்கிய வழிமுறைகள் என்று ஒரு பட்டியல் அச்சிட்டுக் கொடுத்தார். அதில் படுக்கையறையில் ஒற்றைக் கட்டில்களே போடுங்கள், நாகரிக நாடுகளில் இரட்டைக் கட்டில் வழக்கொழிந்துவருகிறது என்று இருக்கிறது. ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குங்கள், வாயை மூடி மூக்கால் சுவாசியுங்கள், மது, புகையிலை, பன்றியிறைச்சி, சோடா பானங்கள், மருந்துகள் ஆகியவற்றை முடிந்தவரை தவிருங்கள் என்றும் போகிறது. பெரிய மீசை வைத்த பெரியப்பா எழுதியது மாதிரியே இருக்கும். சிரிக்கலாம். ஆனால் வீடு கொடுத்தவரே படுக்கையறை வரைக்கும் வந்து யோசனை சொல்கிறார் என்பதில் கொஞ்சம் மூச்சுமுட்டலும் இருக்கிறது. நல்ல முதலாளி என்ற சொல்லுக்குள் இந்த இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

ஊருக்குள் மதுக்கடையே இல்லையா? இப்போதும்?

இங்கிலாந்தில் எந்தக் குக்கிராமத்திலும் ஒரு பப் இருக்கும். போர்ன்வில்லில் இல்லை. அறக்கட்டளைப் பத்திரத்திலேயே இதற்கு வழி செய்துவைத்தார் ஜார்ஜ்: அறங்காவலர்கள் அத்தனை பேரும் ஒருமனதாகச் சம்மதித்தால் ஒழிய நிலத்தில் மது விற்கக் கூடாது, அப்படியே விற்றாலும் லாபம் குடிக்கு மாற்றான பொழுதுபோக்குகளுக்குத்தான் போக வேண்டும்.

2007இல் டெஸ்கோ பல்பொருள் அங்காடி இங்குள்ள தன் கடையில் மது விற்க முயன்றபோது, குடியிருப்போர் எதிர்த்து நின்று தடுத்துவிட்டார்கள். ஜார்ஜ் காலமாகி எண்பத்தைந்து ஆண்டு ஆகியிருந்தது. போராடியவர்கள் எல்லாரும் மதுவைத் தொடாதவர்கள் என்று எண்ண வேண்டாம். வீட்டில் வைத்துக் குடிக்க யாரும் தடை சொல்லவில்லை. ரோஹீத் விளையாட்டு மைதானத்துப் பெவிலியனில் உறுப்பினர்களுக்கான மதுக்கூடம் ஒன்று 1940களின் இறுதியிலிருந்து இருக்கிறது. பத்து நிமிடம் நடந்தால் அடுத்த ஊரான ஸ்டர்ச்லியில் எல்லாம் கிடைக்கும். கொள்கையைவிட, தங்கள் ஊர் மற்ற ஊர் மாதிரி ஆகிவிடக் கூடாது என்ற பிடிவாதம்தான் அதிகம் வேலை செய்திருக்கும் என்று தோன்றுகிறது.

தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்களின் நிலைமை?

சாக்லேட்டை அச்சிலிருந்து எடுப்பது, பெட்டியில் அடுக்குவது எல்லாம் பெண்கள் வேலை. ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாசல் தனி, சாப்பிடும் இடம் தனி, விளையாட்டுத் திடலும் தனி. பெண்களுக்கென்று நீச்சல் குளம் கட்டி நீந்தக் கற்றுக்கொடுத்தார்கள். தொழிற்சாலையில் மருத்துவரும் பல் மருத்துவரும் இருந்தார்கள். 1913 முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் வேலை நேரத்திலேயே படிக்கத் தொடர்கல்விப் பள்ளி நடந்தது. அந்தக் காலத்துக்கு இவை பெரிய விஷயங்கள்.

ஆனால் கல்யாணம் ஆனால் வேலை போய்விடும். மணமாகிப் போகிறவருக்கு ஒரு பைபிளும் ஒரு கார்னேஷன் மலரும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். மனைவி வீட்டைப் பார்க்க வேண்டும், கணவன் அவளைக் காப்பாற்றும் அளவு சம்பாதிக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. எத்தனை பெண்களுக்கு அந்த மலர் பிடித்திருக்கும் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

இவ்வளவு தர்மம் பேசியவர்களுக்குக் கோக்கோ எங்கிருந்து வந்தது?

கேட்க வேண்டிய கேள்வி. இந்தப் பக்கத்தில் மற்ற எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

கிராமம் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் கேட்பரி வாங்கிய கோக்கோவில் பெரும்பகுதி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கப்பால் போர்த்துக்கல் வசமிருந்த சாவோ தோமே, பிரின்சிப்பே தீவுகளிலிருந்து வந்தது. அங்கோலாவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் அங்கே வேலை செய்தார்கள். காகிதத்தில் அவர்கள் ஒப்பந்தக் கூலிகள். திரும்பிப் போனவர் ஏறக்குறைய எவருமில்லை. 1901இல் ரிச்சர்டின் மகன் வில்லியம் கேட்பரி டிரினிடாட் போனபோது இதைக் கேள்விப்பட்டார். பிறகு ஒரு தோட்டத்தின் விற்பனைப் பட்டியலில் நிலத்தோடும் கட்டடத்தோடும் தொழிலாளிகளுக்கும் விலை போட்டிருந்ததைப் பார்த்தார்.

உடனே வாங்குவதை நிறுத்தினார்களா? இல்லை. வாங்கிக்கொண்டிருந்தால்தான் போர்த்துக்கல் அரசை வற்புறுத்த முடியும் என்றார்கள். விசாரிக்க ஆள் அனுப்பினார்கள், அறிக்கை வாங்கினார்கள், லிஸ்பனுக்கும் லண்டனுக்கும் கடிதம் எழுதினார்கள். 1908இல் வில்லியமே போய்ப் பார்த்தார். 1909 மார்ச்சில்தான் ஃப்ரை, ரவுன்ட்ரீயோடு சேர்ந்து அந்தத் தீவுகளின் கோக்கோவைப் புறக்கணிப்பதாக அறிவித்தார்கள். நடுவில் எட்டு ஆண்டு போய்விட்டது.

இதற்கிடையே, ஜார்ஜுக்குச் சொந்தமான டெய்லி நியூஸ் நாளிதழ் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனக் கூலிகள் படும் பாட்டைக் கண்டித்துவந்தது. அதைச் சுட்டிக்காட்டி ஸ்டாண்டர்டு என்ற எதிர்க்கட்சிப் பத்திரிகை, ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களின் கோக்கோவைப் பாருங்கள் என்று 1908இல் எழுதியது. கேட்பரி மானநஷ்ட வழக்குப் போட்டது. 1909 இறுதியில் பர்மிங்ஹாமில் விசாரணை. ஜூரிகள் கேட்பரி பக்கம் தீர்ப்பளித்தார்கள், நஷ்டஈடாக ஒரு ஃபார்திங்கும் கொடுத்தார்கள். ஃபார்திங் என்பது கால் பென்னி. வழக்கில் ஜெயித்தாலும் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அதன்பின் கோக்கோ இன்றைய கானாவாகிய தங்கக் கரையிலிருந்து, சிறு விவசாயிகளிடமிருந்து வந்தது.

பர்மிங்ஹாம் தொழிலாளிக்கு ஆப்பிள் மரம் நட்டுக்கொடுத்த அதே ஆண்டுகளில்தான் இதுவும் நடந்தது. ஒன்றை வைத்து மற்றொன்றை அழித்துவிட முடியாது, இரண்டு பக்கமுமே.

இன்று அங்கே என்னென்ன வசதிகள் இருக்கின்றன?

திடலைச் சுற்றி நடந்தாலே பாதி பார்த்துவிடலாம். சைக்கமோர் சாலையில் நூறாண்டு தாண்டிய கடை வரிசை இருக்கிறது. திடலின் நடுவில் எட்டுப்பட்டைக் கட்டடம் ஒன்று: ஓய்வில்லம் என்பார்கள். ஜார்ஜ் - எலிசபெத் தம்பதியின் வெள்ளிவிழாத் திருமண நாளுக்கு ஊழியர்கள் காசு போட்டு 1914இல் கட்டியது. சாமர்செட்டில் டன்ஸ்டர் என்ற ஊரின் பழைய நூல் சந்தையைப் பார்த்துச் செய்தது.

எதிரே தொடக்கப் பள்ளி, 1906. அதன் கோபுரத்தில்தான் ஊரின் பெருமையான காரிலான், அதாவது மணிகளால் ஆன இசைக்கருவி, இருக்கிறது. பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் கேட்டு மயங்கிவந்த ஜார்ஜ், 22 மணிகளோடு இங்கே வைத்தார். படிப்படியாகக் கூடி 1934இல் 48 ஆயிற்று. கட்டைகளை முஷ்டியால் தட்டிக் கையாலேயே வாசிக்க வேண்டும். சனிக்கிழமைகளில் வாசிப்பு உண்டு. காசு கொடுக்க வேண்டியதில்லை, புல்லில் உட்கார்ந்து கேட்கலாம்.

வழிபாட்டுக்குக் குவேக்கர் கூடம் (1905), ஆங்கிலத் திருச்சபையின் புனித பிரான்சிஸ் ஆலயம் (1925) இரண்டும் ஹார்வியின் கைவண்ணம். இவற்றிலிருந்து தள்ளி, பைசாந்திய பாணியில் குவிமாடங்களோடு ஒரு செர்பியத் திருச்சபை நிற்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அகதிகளாக வந்த செர்பியர்களுக்காக 1968இல் எழுந்தது. உள்ளே சுவரெல்லாம் ஓவியம். திறந்திருந்தால் விட்டுவிடாதீர்கள்.

செல்லி மேனர் என்ற மரச்சட்ட வீடு டியூடர் காலத்தது. ஆனால் இங்கே இருந்ததல்ல. ஒரு மைல் தள்ளி இடிந்துவிழும் நிலையில் இருந்ததை 1907இல் ஜார்ஜ் வாங்கி, மரம் மரமாகப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். அதைவிடப் பழைய மின்வொர்த் கிரீவ்ஸ் கூடமும் அதேபோல் வேறிடத்திலிருந்து வந்து பக்கத்தில் நிற்கிறது. புதிய ஊருக்கு ஒரு பழமை தேவைப்பட்டிருக்கிறது! இப்போது இரண்டும் அருங்காட்சியகம்.

வெளிவிளையாட்டுக்குக் குறைவில்லை. ரோஹீத் மைதானமும் 1924இல் எழுந்த பெவிலியனும் உண்டு. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய 1930களில் வேலையிழந்தவர்களை வைத்துத் தோண்டிய ‘வேலி’ (ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கு) என்ற குளத்தில் இன்றும் பெரியவர்கள் பொம்மைப் பாய்மரப் படகு விடுகிறார்கள். மேரி வேல் சாலையில் ரிச்சர்டு கேட்பரி 1898இல் கட்டிய முதியோர் இல்லங்கள் சதுர முற்றத்தைச் சுற்றி இருக்கின்றன. முதியவர்கள் குடியிருக்கிறார்கள், எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது மரியாதை. கோடையில் கிராமத் திருவிழாவில் பிள்ளைகள் வண்ண நாடா கட்டிய கம்பத்தைச் சுற்றி ஆடுவார்கள். நம்மூர்ப் பின்னல் கோலாட்டம் தெரிந்தவர்களுக்கு அது புதிதல்ல.

காந்தி இங்கே வந்தாரா?

பக்கத்து ஊருக்கு வந்தார். செல்லி ஓக்கில் உட்புரூக் என்ற மாளிகை ஜார்ஜ் கேட்பரி ஒருகாலத்தில் வாழ்ந்த வீடு. 1903இல் அதைக் குவேக்கர் கல்வி மையத்துக்குக் கொடுத்துவிட்டார். 1931 அக்டோபரில் வட்டமேசை மாநாட்டுக்காக இங்கிலாந்து வந்திருந்தபோது காந்தி அங்கே தங்கினார். அந்த மையம் 2023இல் அந்தக் கட்டடத்தில் இயங்குவதை நிறுத்திக்கொண்டது.

கேட்பரியை அமெரிக்கக் கம்பெனி வாங்கிவிட்டதே, ஊர் என்ன ஆயிற்று?

2010இல் கிராஃப்ட் வாங்கியது. 2012இல் அது மளிகைப் பிரிவைத் தனியாகப் பிரித்துவிட்டு, தின்பண்டப் பிரிவோடு மொண்டலீஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பழைய ஊழியர்கள் கொதித்தார்கள். தொழிற்சாலை தொடர்ந்து நடக்கிறது. காற்று திரும்பினால் தெருவில் கோக்கோ மணக்கும். ஆனால் ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவும் முடியாது, ஏனென்றால் கம்பெனியை வாங்கியவர் கிராமத்தை வாங்கவில்லை. இன்று அறக்கட்டளையின் பொறுப்பில் ஏறக்குறைய 1,000 ஏக்கரும் 8,000 வீடுகளும் இருக்கின்றன, பிற ஊர்களிலுள்ளவையும் சேர்த்து. 1900இல் கம்பெனியின் பேரேட்டில் சேர்த்திருந்தால் இந்தத் திடலும் ஒரு சொத்துப் பட்டியலில் போயிருக்கும்.

அங்கே வீடு வாங்கலாமா? வாடகைக்குக் கிடைக்குமா?

இரண்டும் உண்டு. சமூக வாடகை வீடுகளுக்குக் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. சொந்த வீடுகள் சந்தையில் வரும். பக்கத்து ஊர்களைவிட விலை கூடுதலாகவே கேட்பார்கள். ஆனால் வாங்கிவிட்டோம், நம் இஷ்டம் என்று இருக்க முடியாது. மேலாண்மைத் திட்டம் ஒன்று இருப்பதால், வீடு உங்களுடையதே ஆனாலும் ஜன்னலை மாற்ற, முன்தோட்டத்தைக் கல் பாவிக் கார் நிறுத்த, மரத்தை வெட்ட, அறக்கட்டளையின் சம்மதம் வேண்டும். பராமரிப்புக்கு ஆண்டுக் கட்டணமும் உண்டு. நகராட்சியின் அனுமதி வேறு. மாமரம் வைத்த வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பிப் பழகியவர்களுக்கு இந்த ஊர் சரிப்படாது. பத்திரம் போடுமுன் அந்த விதிகளை வழக்கறிஞரிடம் வாசித்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுபோல வேறு ஊர்கள் உண்டா?

சோப்பு முதலாளி லீவர் 1888இல் தொடங்கிய போர்ட் சன்லைட் இதற்கு முந்தியது, ஆனால் அது முழுக்கக் கம்பெனித் தொழிலாளருக்கு. ரவுன்ட்ரீ 1902இல் யார்க் அருகே நியூ இயர்ஸ்விக்கைத் தொடங்கினார். தோட்டமும் திறந்தவெளியுமாகத் திட்டமிட்டு நகரங்களை அமைக்க வேண்டும் என்ற தோட்ட நகர இயக்கத்தினர் 1901இல் மாநாடு கூடியதே போர்ன்வில்லில்தான். இரண்டு ஆண்டில் அவர்களது லெட்ச்வர்த் நகரம் தொடங்கியது.

ஒரு நாளில் பார்த்துவரப் போவது எப்படி?

பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து கிராஸ் சிட்டி பாதையில் தெற்கே போகும் ரயிலில் ஏறினால் ஏறத்தாழ கால் மணி நேரம். சைக்கிள் இருந்தால் கால்வாய்க் கரையோரமாகவே மேடு பள்ளமில்லாமல் வந்துவிடலாம். பிள்ளைகள் கூட இருந்தால் 1990இல் திறந்த கேட்பரி வேர்ல்டு கண்காட்சிக்கு இழுப்பார்கள்; முன்பதிவு செய்துகொள்ளுங்கள், அரைநாள் போய்விடும். ஊரைத்தான் பார்க்க வேண்டும் என்றால் சனிக்கிழமை வாருங்கள், மதியத்துக்கு முன்பே திடலுக்கு வந்துவிட்டால் மணியிசை கிடைக்கும். செல்லி மேனர் எல்லா நாளும் திறந்திருக்காது, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மீதி நேரத்துக்கு லிண்டன் சாலை, அகேஷியா சாலைப் பக்கம் சும்மா நடங்கள். ஹார்வியின் ஆரம்ப கால வீடுகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதால் வேலிக்கு மேலே கேமராவை நீட்ட வேண்டாம்.